பூல் கேஜ் பராமரிப்பு: முதலில் கதவு, அப்புறம் ஸ்க்ரூ, கடைசியில்தான் வலை

ஃபுளோரிடாவில் நீச்சல்குளத்தோடு வீடு வாங்கினால், குளத்தைச் சுற்றி அலுமினியச் சட்டம் நிறுத்தி வலை கட்டிய பெரிய கூண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வந்துவிடும். இங்கே எல்லாரும் அதை பூல் கேஜ் என்பார்கள், அதற்குள் கூரை போட்டிருக்கும் திண்ணை மாதிரியான இடத்தை லனாய் என்பார்கள். கொசு, கண்ணுக்கே தெரியாத கடிப்பூச்சி, ஓக் மரத்து இலை, தவளை, பாம்பு எல்லாவற்றையும் வெளியே நிறுத்துவது இந்தக் கூண்டுதான். வீடு வாங்கும்போது கூரைக்கு எத்தனை வயது, ஏசிக்கு எத்தனை வயது என்று துருவித் துருவிக் கேட்கிறோம், கூண்டைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்பதில்லை. ஆனால் அது கெட்டுப்போனால் ஆகும் செலவு கூரைச் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

நாங்கள் இருப்பது டாம்பாவுக்கு வடக்கே. எங்கள் கூண்டின் நிலைமை எங்களுக்குத் தெரிய வந்ததே மோர்மிளகாயால்தான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு ஏப்ரலில் கூண்டுக்குள் பழைய வேட்டியை விரித்து மோர்மிளகாய் காய வைத்தார். காக்காய் இல்லை, அணில் இல்லை, வத்தல் போட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் எடுக்கப்போனால் வேட்டி முழுக்கக் கறுப்புப் பொடி. கிள்ளி எடுத்துத் தேய்த்தால் விரலில் நறநறவென்று ஏதோ குத்தியது. பூஞ்சைத் தூசியோடு கலந்திருந்தது வலையின் கண்ணாடி நார். இந்த வலை கண்ணாடி நூலின் மேல் வினைல் பூசிச் செய்வது. வருடக்கணக்காக வெயில் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு உரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் நார் உதிர ஆரம்பிக்கும். மிளகாய் மொத்தத்தையும் கொட்டிவிட்டோம். மறுநாள் வலையைப் பார்க்கலாம் என்று ஏணி வைத்து ஏறியபோதுதான் வலையை விட மோசமான இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

அதனால்தான் இந்த வரிசையை அழுத்திச் சொல்கிறேன். வலையில் பச்சை படிந்தால் கண்ணை உறுத்தும், உடனே ஆளைக் கூப்பிட்டுக் கழுவுகிறோம் அல்லது மாற்றுகிறோம். கதவு சரியாகச் சாத்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, ஸ்க்ரூ துருப்பிடித்தது யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து கதவில் இருக்கிறது, கூண்டு சாய்வதும் நிற்பதும் ஸ்க்ரூவில் இருக்கிறது. வலை கிழிந்தால் கொசு வரும், அவ்வளவுதான். கையில் இருக்கும் பணத்தையும் சனிக்கிழமைகளையும் இந்தக் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள்.

கதவு

அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் வேறு எந்தக் காரணத்தையும் விட நீரில் மூழ்கித்தான் அதிகம் இறக்கிறார்கள். ஃபுளோரிடாவில் 2000 அக்டோபர் 1க்குப் பிறகு கட்டிய வீட்டுக் குளங்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. குறைந்தது 4 அடி உயரத் தடுப்பு, குளத்துக்கு மூடி, வீட்டுக் கதவுகளில் அலாரம் என்று அதில் சில வழிகள் உண்டு. பலர் வீட்டில் அந்தத் தடுப்பு என்ற கணக்கில் வருவது இந்தக் கூண்டுதான். தடுப்பில் உள்ள கதவு தானாகச் சாத்த வேண்டும், தானாகத் தாழ் விழ வேண்டும், குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். கூண்டுக் கதவில் கைப்பிடி நம் நெஞ்சு உயரத்தில், சுமார் 54 அங்குலத்தில் இருப்பது இதனால்தான். குனிய வேண்டியதில்லை என்பதற்காக வைத்ததல்ல.

இப்போதே போய்ப் பாருங்கள். கதவை ஓர் அடி மட்டும் திறந்து கையை விடுங்கள். தானாகப் போய் மூடி, டக் என்று தாழ் விழும் சத்தம் கேட்க வேண்டும். முழுதாகத் திறந்து விட்டும் பாருங்கள், பாதி திறந்து விட்டும் பாருங்கள். மூன்று தடவையும் சத்தம் கேட்டால்தான் கதவு சரி. எங்கள் வீட்டில் முழுதாகத் திறந்து விட்டால் வேகத்தில் அடித்துச் சாத்திக்கொள்ளும், ஓர் அடி மட்டும் திறந்து விட்டால் தாழ் விழாமல் இரண்டு அங்குலம் இடைவெளியோடு நின்றுவிடும். வெளிப்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து குழந்தை தள்ளினால் இன்னும் இறுகத்தான் சாத்தும், அதற்காகத்தான் அப்படி வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு அங்குல இடைவெளி கிடைத்தால் விரலை விட்டு இழுக்க இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். தங்கை மகன் அப்படித்தான் புல்தரையிலிருந்து பந்தோடு உள்ளே வந்துவிட்டான். அப்பா அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால் தூக்கிவிட்டார். அந்த நிமிடத்தை இன்னும் என்னால் நிதானமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சரி செய்வது பெரிய வேலை இல்லை. பெரும்பாலும் மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்கியிருக்கும், அதை இறுக்கினால் போதும். ஓட்டை அகன்றுவிட்டிருந்தால் ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ போடுங்கள். கதவைத் தானாகச் சாத்த வைக்கும் குழாய் மாதிரியான க்ளோசரில் காற்று கசிந்தால் கதவு வேகமாக அடித்துச் சாத்தும், உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் தளர்ந்தால் இழுக்கும் பலம் போய்விடும், அதைப் பழுது பார்க்க முயற்சி செய்யாமல் புதிதாக வாங்கிவிடுங்கள், எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். கீழே தரையில் பதித்திருக்கும் பேவர் கல் இறங்கி, தாழின் நாக்கும் அது விழும் தகடும் மட்டம் மாறியிருந்தால் தகட்டைக் கழற்றிக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டுங்கள். இதெல்லாம் ஒரு மணி நேர வேலை, இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கூண்டு, வெளியிலிருந்து வரும் குழந்தையைத்தான் தடுக்கும். வீட்டுக்குள் இருக்கும் குழந்தை ஹாலில் உள்ள கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராகக் குளத்தடிக்கு வந்துவிடலாம், அங்கே இந்தக் கூண்டால் ஒரு பயனும் இல்லை. அந்தக் கதவுகளுக்கு அலாரமோ உயரத்தில் ஒரு தாழோ தனியாக வேண்டும். ஊரிலிருந்து பேரன் பேத்தி வரும் வீடு என்றால், அவர்கள் வருவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஏறி நிற்க நாற்காலி, பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது.

ஸ்க்ரூவும் அடித்தளமும்

கூண்டின் சட்டம் அலுமினியம், அது அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் பழைய கூண்டுகளில் அதை இணைத்திருக்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு. அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அரிப்பு பிடிக்கும், கடல் பக்கமோ உப்பிலிருந்து குளோரின் தயாரித்துக்கொள்ளும் உப்பு முறைக் குளமோ என்றால் இன்னும் வேகமாக. பார்ப்பதற்குக் காலை வெளிச்சம் நல்லது. தூணிலும் உத்தரத்திலும் ஸ்க்ரூவிலிருந்து கீழ்நோக்கிச் செம்பழுப்புக் கோடு ஒழுகியிருந்தால் அங்கே துரு. ஸ்க்ரூ தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தால் அலுமினியமும் அரிபடுகிறது என்று அர்த்தம். உயரத்தில் இருப்பதைத் தரையில் நின்றே பைனாகுலரில் பார்க்கலாம், இல்லையென்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

எட்டும் உயரத்தில் இருப்பதை ஸ்க்ரூ டிரைவர் முனையால் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். நான் முதலில் தொட்டது மூலைத் தூணில் இடுப்புயரத்தில் இருந்த ஒன்று. தலை அப்படியே கழன்று பேவர் மேல் விழுந்தது, எரிந்த தீக்குச்சியின் முனை உதிர்கிற மாதிரி. உள்ளே தண்டே இல்லை, செம்பொடிதான். அந்த இணைப்பில் ஆறு ஸ்க்ரூ. அதில் மூன்று இப்படி.

எதை நீங்களே மாற்றலாம், எதற்கு ஆள் வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. தரையில் நின்று எட்டும் உயரத்தில், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துருப்பிடித்திருந்தால் நீங்களே மாற்றுங்கள். ஒரு இணைப்பில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கழற்றவே கூடாது, ஒன்றைக் கழற்றிப் புதிதை இறுக்கிய பிறகுதான் அடுத்தது. துருப்பிடிக்காத எஃகில் செய்ததோ, தலையில் நைலான் மூடியோடு அரிப்பைத் தாங்கும் பூச்சு பூசியதோ வாங்குங்கள், சட்டத்தின் நிறத்திலேயே கிடைக்கும். சாதாரணப் பெட்டி ஸ்க்ரூ மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டால் சில வருடத்தில் இதே வேலை திரும்ப வரும். ஆனால் தூணும் மேல் உத்தரமும் சேரும் இடத்தில் துரு இருந்தாலோ, ஒரே பக்கத்தில் பாதிக்கு மேல் போயிருந்தாலோ, உத்தரம் தொய்ந்து தெரிந்தாலோ நீங்கள் கை வைக்காதீர்கள். மேலே ஏறி உத்தரத்தில் நடக்கிற வேலை பழகினவர்களுடையது. ஈரமான அலுமினியம் வழுக்கும், வலை உங்கள் எடையைத் தாங்காது, கீழே இருப்பது தண்ணீர் மட்டும் இல்லை, குளத்தின் கான்கிரீட் விளிம்பும் இருக்கிறது.

அப்புறம் குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். கூண்டு முழுவதையும் தரையோடு பிடித்து வைத்திருப்பது அங்கே இறக்கியிருக்கும் கான்கிரீட் ஸ்க்ரூக்கள்தான், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். தரை பேவர் கல்லாக இருந்தால் ஒரு முக்கியமான கேள்வி: அந்த ஸ்க்ரூ கல்லைத் துளைத்து அடியில் உள்ள கான்கிரீட் அடித்தளம் வரை போகிறதா, இல்லை கல்லோடு நின்றுவிட்டதா? பேவர் கல் மணலில் உட்கார்ந்திருப்பது. காற்று கூண்டை மேல்நோக்கித் தூக்கும்போது கல்லையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பழைய தரையின் மேல் பிற்பாடு பேவர் பதித்த வீடுகளில் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். ஆள் வந்தால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி நீளத்தைக் காட்டச் சொல்லுங்கள், அது போதும்.

துருவை வளர்க்கும் காரணங்களையும் நிறுத்த வேண்டும். புல்தரை ஸ்ப்ரிங்க்ளர் தினமும் கூண்டின் மேல் அடித்தால் அதன் தலையைத் திருப்பி விடுங்கள், கிணற்றுத் தண்ணீராக இருந்தால் இரும்புக் கறையும் சேர்ந்து படியும். குளத்துக்கு ஊற்றும் ஆசிட் கேனையும் குளோரின் மாத்திரை வாளியையும் கூண்டின் மூலையில் வைக்காதீர்கள். மூடி இறுகியிருந்தாலும் அதிலிருந்து புகை கசிந்துகொண்டேதான் இருக்கும், பக்கத்தில் உள்ள உலோகம் எல்லாம் அரிக்கும். இரண்டையும் ஒன்றாகவும் வைக்கக் கூடாது, கலந்தால் விஷ வாயு. உப்பு முறைக் குளம் என்றால் வாரம் ஒரு தடவை அடிச்சட்டத்தில் நல்ல தண்ணீரை ஹோஸ் பைப்பில் அடித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

கட்டர்

கூண்டின் கூரை வீட்டுக் கூரையைத் தொடும் இடத்தில் அகலமான ஒரு அலுமினியக் கால்வாய் ஓடும், சூப்பர் கட்டர் என்பார்கள். மழைத் தண்ணீரை வடிப்பதோடு கூண்டை வீட்டோடு பிடித்து வைத்திருப்பதும் அதுதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஓக் மரம் பழைய இலையையும் மஞ்சள் மகரந்தத்தையும் கொட்டித் தீர்க்கும், அந்த இலை எல்லாம் இதில் வந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வழிய இடமில்லாமல் பின்னால் ஏறி, கூரை ஓரத்து மரப்பலகைக்குள் இறங்கினால் பலகை உளுத்துப்போகும். உளுத்த பலகையில் கூண்டைத் தாங்கும் ஸ்க்ரூ எப்படி நிற்கும்? எங்கள் வீட்டில் ஏணி ஏறியபோது ஸ்க்ரூத் துருவுக்கு அடுத்து நான் கண்ட இரண்டாவது விஷயம் இதுதான், அழுத்தினால் விரல் உள்ளே போகிற அளவுக்குப் பலகை ஊறியிருந்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை, வருடக் கடைசியில் ஒரு தடவை சுத்தம் செய்தால் போதும். உங்களுக்கு ஏணி பயம் என்றால் இதற்கு மட்டும் ஆள் வையுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கழுவுவது

வடக்குப் பக்கமும் மர நிழல் விழும் பக்கமும்தான் முதலில் பச்சை பிடிக்கும். வருடத்துக்கு ஒரு முறை, மகரந்தம் கொட்டி முடிந்த பிறகு கழுவினால் ஒரே வேலையில் முடியும். அதற்கு முன்னால் கழுவினால் மறுவாரமே மஞ்சள் படிந்துவிடும்.

பிரஷர் வாஷரை எடுத்து நேராக அடிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வலையைச் சட்டத்தின் பள்ளத்தில் பிடித்து வைத்திருப்பது ஸ்ப்லைன் என்கிற ரப்பர் கயிறு மட்டும்தான், பலமாக அடித்தால் அது பிதுங்கி வெளியே வந்துவிடும், பழைய வலை கிழிந்தே போகும். மென்மையான நீளக் கைப்பிடி பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீர், ஹோஸ் பைப், பெரும்பாலான அழுக்குக்கு இவ்வளவே போதும். சோப்புக்குப் போகாத பச்சைக்கும் கறுப்புக்கும் மட்டும் வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, சில துளி சோப்பு விட்டு, தோட்டத் தெளிப்பானால் அடியுங்கள். பத்து நிமிடம் விட்டால் பூஞ்சை தானாக வெளுத்துவிடும், தேய்க்கவே வேண்டாம். காய விடக் கூடாது, அதனால் வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். அப்புறம் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள், ஸ்க்ரூ இருக்கும் இடங்களில் இரண்டு மடங்கு அலசுங்கள், ப்ளீச் தங்கினால் அதுவே துருவைத் தூண்டும். பக்கத்தில் கறிவேப்பிலை, மல்லி வைத்திருந்தால் ஆரம்பிப்பதற்கு முன்னும் முடித்த பின்னும் செடியை நன்றாக நனைத்துவிடுங்கள். ப்ளீச்சோடு வினிகர், அம்மோனியா, ஆசிட் எதையும் சேர்க்கவே கூடாது. மேல் வலைக்குத் தெளிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தலைக்கு மேல் அடிப்பது எல்லாம் முகத்தில்தான் விழும்.

பிரஷர் வாஷர் பேவர் தரைக்கு நல்லது, வலைக்கு வேண்டாம். வாடகைக்கு எடுத்துவிட்டோமே என்று வலைக்கும் அடிப்பவர்கள், குறைந்த அழுத்தத்தில், அகல நாசில் போட்டு, நாலடி தள்ளி நின்று அடியுங்கள்.

வலை: ஒட்டுவதா, மாற்றுவதா

கட்டைவிரலால் நடுப்பகுதியில் அழுத்திப் பாருங்கள். நல்ல வலை உள்வாங்கித் திரும்பும். பழசு மொறமொறவென்று சத்தம் போடும், கறுப்பு நிறம் சாம்பலாக மாறியிருக்கும், அழுத்திய இடத்தில் ஓட்டை விழும். மேல் வலைதான் முதலில் சாகும், ஏனென்றால் வெயில் நேராக விழுவது அங்கே. பக்கவாட்டு வலை நன்றாக இருக்கிறது என்று மேலேயும் நன்றாக இருக்கும் என நினைக்காதீர்கள். சாதாரண ஃபைபர்கிளாஸ் வலை ஃபுளோரிடா வெயிலில் பத்து வருடம் தாண்டினால் நல்ல ஆயுள்.

ஒன்றிரண்டு சட்டங்களில் மட்டும் கிழிசல் என்றால் அதை மட்டும் மாற்றுங்கள். மேல் வலையில் மூன்று நாலு இடம் தானாகக் கிழிந்திருந்தால் மீதியும் அதே வயதுதான், மேல்பகுதி முழுவதையும் ஒரே தடவையில் மாற்றுவது லாபம், ஏனென்றால் ஆட்கள் பலகை கட்டி ஏறுவதற்கான கூலி ஒரு தடவையோடு போகும். பக்கவாட்டு வலை நன்றாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். முழுக் கூண்டுக்கும் புது வலை போட்டால்தான் அழகு என்று சொல்வார்கள், அந்தப் பணத்தை ஸ்க்ரூவுக்குப் போடுங்கள்.

எந்த வலை என்பது அடுத்த கேள்வி. கூண்டுக்கு வழக்கமாகப் போடுவது 18க்கு 14, அதாவது ஓர் அங்குலத்தில் ஒரு பக்கம் 18 இழை, மறு பக்கம் 14. தண்ணீர்ப் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் கடிப்பூச்சிக்காக 20க்கு 20 போடுகிறார்கள், பூச்சி வராது, ஆனால் காற்றும் குறையும், அழுக்கும் அதிகம் தேங்கும். அதைவிட முக்கியம், நெருக்கமான வலை காற்றை அதிகம் பிடிக்கும், சட்டத்தின் மேல் சுமை கூடும். பழைய கூண்டு 18க்கு 14க்குக் கணக்குப் போட்டுக் கட்டியதாக இருந்தால், விசாரிக்காமல் மாற்றாதீர்கள். நாய் வளர்க்கிறவர்கள் கீழ் வரிசைக்கு மட்டும் தடித்த பாலியஸ்டர் வலை போடலாம், நகம் பட்டாலும் கிழியாது. மேலே சாதாரணம் போதும். தெருவிலிருந்து பார்வை படும் பக்கத்தில் கீழ் வரிசைக்கு ஃபுளோரிடா கிளாஸ் என்கிற வினைல் பூசிய வலை போடுகிறார்கள், மண் தெறிப்பதையும் தடுக்கும், ஆனால் காற்று வராது, அதனால் எல்லாப் பக்கமும் போட்டால் உள்ளே புழுங்கும்.

கீழ் வரிசைச் சட்டத்துக்கு வலை போட நீங்களே கற்றுக்கொள்ளலாம், நான் கற்றுக்கொண்டேன். பழைய ஸ்ப்லைனின் ஒரு நுனியைக் குத்தூசியால் கிளப்பி இழுத்தால் நீளமாக வந்துவிடும், வெயிலில் இறுகியிருந்தால் துண்டு துண்டாக உடையும், பொறுமை வேண்டும். பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், மண் இருந்தால் புது ஸ்ப்லைன் உட்காராது. வலையை நாலு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, மேல் விளிம்பில் ஆரம்பியுங்கள், ஸ்ப்லைனைப் பள்ளத்தின் மேல் வைத்து அதற்கென்று விற்கும் சின்னச் சக்கரத்தால் உருட்டி அழுத்துங்கள். மேலே முடிந்ததும் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம், கடைசியில் கீழே. இன்னொருவர் வலையை லேசாக இழுத்துப் பிடித்தால் சுருக்கம் வராது, ஆனால் முறுக்கி இழுக்க வேண்டாம், ஸ்ப்லைன் உட்காரும்போதே அது மீதியை இறுக்கிக்கொள்ளும். மூலையில் ஸ்ப்லைனை வெட்டாமல் வளைத்து ஓட்டுங்கள். ஸ்ப்லைன் உள்ளே போக மறுத்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். மிச்ச வலையை வெட்டும்போது கத்தி முனை வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும், உள்பக்கம் சாய்ந்தால் புது வலை கிழியும், நான் முதல் சட்டத்தில் அதைச் செய்து இன்னொரு முறை வெட்ட வேண்டியதாயிற்று.

புயல் காலம்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2024 அக்டோபர் 9 இரவு மில்டன் புயல் சரசோட்டா பக்கம் சியெஸ்டா கீயில் கரையைக் கடந்தபோது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் காற்று மணிக்கு 100 மைலைத் தாண்டியது, டிராபிகானா ஃபீல்டு மைதானத்தின் துணிக்கூரையே கிழிந்து தொங்கியது. எங்கள் தெருவில் காற்று அவ்வளவு இல்லை. எங்கள் கூண்டில் மேல் வலை இரண்டு இடத்தில் பிய்த்துக்கொண்டு போனது, சட்டம் அசையவில்லை. இரண்டு வீடு தள்ளி, அதே வருடம் கட்டிய அதே மாதிரிக் கூண்டின் ஒரு மூலை குளத்துக்குள் சாய்ந்து கிடந்தது. போய்ப் பார்த்தேன், அந்த மூலைத் தூணில் ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும்தான் இருந்தன, ஓட்டையைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம். நாங்கள் மே மாதம்தான் எங்களுடையதை மாற்றியிருந்தோம்.

புயலுக்கு முன் வலையை வெட்டிவிட வேண்டுமா என்று ஒவ்வொரு வருடமும் பேச்சு வரும். வலை முழுதாக இருந்தால் அது கப்பல் பாய் மாதிரிக் காற்றைப் பிடித்துச் சட்டத்தை இழுக்கும் என்பது உண்மை. சில கூண்டுகள், காற்று மணிக்கு 75 மைலைத் தாண்டும் என்றால் வலையை எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கிலேயே வடிவமைக்கப்பட்டவை, அப்படியானால் அதைச் சொல்லும் அறிவிப்பு கூண்டில் ஒட்டியிருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். அறிவிப்பு இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால், உங்கள் ஊருக்கு நேராகப் பெரும் புயல் வருகிறது என்று உறுதியான பிறகு பக்கவாட்டில் தரையிலிருந்து எட்டும் சில சட்டங்களில் வலையை ஸ்ப்லைனோடு கழற்றுவது நல்லது. கத்தியால் கிழித்துவிட்டால் காப்பீட்டில் வேண்டுமென்றே செய்த சேதம் என்று கேள்வி வரலாம். மேல் வலைக்காகக் கடைசி நேரத்தில் ஏணி ஏறாதீர்கள். உள்ளே இருக்கும் நாற்காலி, தொட்டி, ஊஞ்சல் எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், வலையைக் கிழிப்பது காற்றை விடப் பறக்கிற சாமான்கள்தான். மூலைகளில் குறுக்காகக் கட்டியிருக்கும் எஃகுக் கம்பி தொய்ந்திருந்தால் மே மாதமே இறுக்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒரு தடவை படியுங்கள். இங்கே பல பாலிசிகளில் இந்தக் கூண்டு தானாகச் சேராது, தனியாகக் கேட்டுப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். சேர்த்திருந்தாலும் புயலுக்கென்று தனிக் கழிவுத்தொகை, அதாவது சேதத்தில் முதலில் நாமே போட வேண்டிய பங்கு உண்டு, அது பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 2 சதவீதம் என்ற கணக்கில் வரும், வலை கிழிந்ததற்கெல்லாம் அதைத் தாண்டாது. ஆக, சின்னச் சேதம் எல்லாம் உங்கள் கைக்காசுதான் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

ஆள் வைக்கும்போது

புயல் போன மறுநாள் கதவைத் தட்டுகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தக்காரரின் உரிமத்தை, தொழில் உரிமம் கொடுக்கும் மாநிலத் துறையான டிபிபிஆரின் இணையதளத்தில் பெயர் போட்டு அப்போதே பார்த்துவிடலாம். 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கினால் 30 நாளுக்குள் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அனுமதி கிடைத்து 90 நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது ஃபுளோரிடா சட்டம், இதைத் தெரிந்துவைத்துப் பேசினால் பேச்சின் தோரணையே மாறும். எங்களுக்கு முதலில் வந்த ஒருவர் ஸ்க்ரூவை ஏறிட்டும் பார்க்காமல் முழு வலைக்கும் விலை சொன்னார், இரண்டாவது வந்தவர் கேட்காமலே ஏணி வைத்து உத்தர இணைப்பைத் தட்டிப் பார்த்தார். இரண்டாமவருக்குக் கொடுத்தோம், விலை கொஞ்சம் அதிகம்தான்.

எழுதி வாங்க வேண்டியது இவை: எந்த அளவு வலை, என்ன ஸ்க்ரூ, எத்தனை ஸ்க்ரூ, பழைய ஸ்ப்லைனைத் திரும்பப் போடமாட்டோம் என்ற உறுதி. வலை மட்டும் மாற்றுவதற்குப் பல கவுன்டிகளில் (மாவட்டம் மாதிரி) அனுமதி தேவைப்படாது, அலுமினியச் சட்டத்தில் கை வைத்தால் தேவைப்படும், கவுன்டி கட்டிட அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். எச்ஓஏ என்கிற வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கும் குடியிருப்பில் சட்டத்தின் நிறத்தையோ வலையின் வகையையோ மாற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒப்புதல் வாங்குங்கள். கடைசிப் பணம் கொடுக்கும்போது, பொருள் கொடுத்தவர்களுக்கும் பாக்கி இல்லை, வீட்டின் மேல் உரிமை கோர மாட்டோம் என்று கையெழுத்திட்ட லியன் விடுதலைத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தப் பாக்கி உங்கள் வீட்டின் மேல் வரும்.

வேலை முடிந்து அவர்கள் கிளம்புவதற்கு முன் மிஞ்சிய ஸ்ப்லைனில் ஒரு முழமும், அதே வலையில் ஒரு சுருளும், அதே ஸ்க்ரூவில் ஒரு கைப்பிடியும் கேட்டு வாங்கிக் கராஜில் வையுங்கள். ஸ்ப்லைன் பல தடிமனில் வரும், ஒன்றுக்கொன்று கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, அளவு தவறினால் பிதுங்கும் அல்லது பள்ளத்தில் இறங்காது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் போனால் போதும்.